எண் தெரியும், ஆள் தெரியாது

நண்பர் ஒருவர் சென்ற மாதம் என் அறையில் உட்கார்ந்து ஒரு அபிப்ராயம் சொன்னார். கவிதை எழுதுகிறவர், பெயர் வேண்டாம், இதைப் படிக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். இசைத்தட்டுச் சேகரிப்பும் விமர்சனம்தான் என்பது அவர் கட்சி. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்கிறபோதே ரசனை தன் வேலையைச் செய்துவிடுகிறது, அதற்கு மேல் எழுதிக் கிழிக்க என்ன இருக்கிறது என்றார். அவர் கையில் ஏழங்குலத் தட்டு ஒன்று இருந்தது. 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாக் கடற்கரையில் அலைச்சறுக்கு விளையாடிய பையன்களின் ஆட்டத்துக்காக வாசிக்கப்பட்ட கிதார் இசை. பாட்டு கிடையாது, வாத்தியம் மட்டும். ஸர்ஃப் என்று அதற்குப் பெயர். மார்கழிக் குளிருக்குத் திருவண்ணாமலை வந்து செங்கம் சாலைப் பக்கம் தங்கும் வெள்ளைக்காரர் ஒருவரிடம் நான்கு தமிழ்ப்பட ஈ.பி.க்களைக் கொடுத்து இதை மாற்றிக்கொண்டிருக்கிறார்.

போட்டுக் கேட்கலாமா என்றேன். ஊசி பட்டால் தரம் இறங்கிவிடும் என்றார்.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கு.

அந்த இசை அற்பம் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்ல நம் சபாக்களில் ஆள் இருக்கிறது. டிக் டேல் 1962ல் ‘மிசிர்லூ’வை வாசித்தபோது ஒரே தந்தியில் விடாமல் அடித்த அந்த மீட்டல், அவருடைய லெபனான் வழிக் குடும்பத்தில் ஊத் வாசித்த பெரியவர் ஒருவரிடமிருந்து வந்தது. மெட்டும் கிழக்கு மத்தியதரைக் கடலோரத்தின் பழைய மெட்டுதான். ரசிகர்கள் ‘ஈரமான ஒலி’ என்று உருகுவது, ஃபெண்டர் கம்பெனி 1961ல் விற்க ஆரம்பித்த ஒரு பெட்டிக்குள் இருக்கும் கம்பிச்சுருளின் அதிர்வு. அலைச்சறுக்கோ ஹவாய்த் தீவுக்காரர்களுடையது. அதே தீவின், மடியில் கிடத்தி வாசிக்கும் கிதார், ஸர்ஃப் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே கல்கத்தாவில் குடியேறிவிட்டது. பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராகம் வாசித்தார். வான் ஷிப்லி மின்கிதாரில் வாசித்த இந்திப்படப் பாட்டுகள் ஹெச்.எம்.வி. தட்டுகளாக வந்தன. ஆகவே, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அவர்களுக்குக் காது இல்லை, அவ்வளவுதான். என் சண்டை காது இருக்கிறவர்களோடு.

சேகரிப்பவர்களிடம் ஒரு தர அளவை உண்டு. அதன் உச்சியில் இருப்பது ‘மின்ட்’: நாணயச்சாலையிலிருந்து நேரே வந்த காசு மாதிரி, கை படாதது. அதற்குக் கீழே ஒவ்வொரு படியும் அந்தத் தட்டு எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதற்கான தண்டனை. யாரும் கேட்காத தட்டுக்கு உச்ச விலை. ஒரு வீடு முழுக்க உட்கார்ந்து ஆயிரம் தடவை கேட்டதற்கு அடிமாட்டு விலை. இதைச் சந்தை என்றால் எனக்குப் புரிகிறது. ரசனை என்று சொன்னால் சிரிப்பு வருகிறது.

நான் பாங்க் கவுண்டரில் உட்காருகிறவன். 786ல் முடிகிற நோட்டு வந்தால் எடுத்து வையுங்கள் சார் என்று கேட்கிற வாடிக்கையாளர்கள் எனக்கு உண்டு. அந்த நூறு ரூபாயும் மளிகைக் கடைக்குப் போனால் நூறு ரூபாய்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். நண்பருக்குத்தான் தெரியவில்லை. பிரிட்டனில் 78 சுழற்சித் தட்டு ஏறக்குறைய 1960ஓடு முடிந்துபோன பிறகும் இங்கே பீட்டில்ஸ் பாட்டுகளை கிராமபோன் கம்பெனி அந்த வேகத்தில் அச்சிட்டது. சாவி கொடுத்துச் சுற்றும் பெட்டிகள் நம் வீடுகளில் இன்னும் உயிரோடு இருந்ததுதான் காரணம். இன்று அந்தத் தட்டுகளுக்கு உலகச் சந்தையில் அடிதடி. அந்த அபூர்வம் நம் வீடுகளின் சரித்திரம். ஒரு கம்பெனியின் கணக்கு. இசையின் குணமல்ல. எண்ணிக்கை குறைவு என்பது எந்தக் கலைப்படைப்புக்கும் பண்பாக முடியாது. இதைக் கவிதை எழுதுகிறவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ஊரில் தட்டுகள் எப்படி வாழ்ந்தன? காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கூழ் ஊற்றும் திருவிழா, தீபம் என்று எல்லாவற்றுக்கும் சவுண்ட் சர்வீஸ்காரர் பெட்டியோடு வருவார். புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஏறும். விடிகாலையில் பக்திப் பாட்டு, பிறகு நாள் முழுக்க சினிமா. அப்படி ஒரு கடை மூடிப்போனபோது அதன் ஈ.பி. கட்டு ஒன்று காயலான் கடை வழியாக என்னிடம் வந்தது. எந்தச் சேகரிப்பாளரும் சீந்தாத கட்டு. அதில் ஒரு தட்டில், இரண்டாவது பாட்டின் ஆரம்பம் மட்டும் சாம்பல் நிறமாய் வெளுத்திருக்கிறது. போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பாடகர் வாய் திறப்பதற்கு முன்னால் சில விநாடிகள் மின்கிதார் தனியாக ஓடுகிறது. அந்த இடத்துக்காகவே ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வெளுப்பு ஒரு விமர்சனம். எவனோ ஒரு சவுண்ட் சர்வீஸ் பையன், கையெழுத்துப் போடாமல் எழுதியது. கண்ணாடி அலமாரியில் தட்டை நிறுத்திவைத்திருக்கும் நண்பர் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.

சரி, அந்தக் கிதாரை வாசித்தது யார்?

லேபிளைப் பார்த்தேன். படத்தின் பெயர், பாட்டின் முதலடி, பாடியவர், பாட்டெழுதியவர், இசையமைப்பாளர், தட்டின் எண். கிதார்க்காரர் இல்லை. 1964ல் வந்த ‘சர்வர் சுந்தர’த்தில் ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்டுகிற பாட்டு ஒன்று உண்டு. எம். எஸ். விஸ்வநாதன் நின்று கையசைக்க, டி. எம். சௌந்தரராஜன் பாட, வாத்தியக்காரர்கள் வரிசையாய் உட்கார்ந்திருப்பார்கள். தமிழ் சினிமா தன் கூலியாட்களை முகத்தோடு காட்டிய அபூர்வமான நிமிஷம் அது. முகம் காட்டியது, பெயர் சொல்லவில்லை. 1965ல் வந்த ‘கும்நாம்’ இந்திப் படத்தில் முகமூடி நடனத்துக்கு வரும் பாட்டை, 2001ல் ‘கோஸ்ட் வேர்ல்ட்’ என்ற அமெரிக்கப் படம் தன் தொடக்கக் காட்சியில் வைத்தது. அந்தப் படத்திலேயே பழந்தட்டுச் சேகரிக்கிற ஒரு மனிதன் வருகிறான் என்பது வேடிக்கை. அதன் பிறகு மேல்நாட்டு ஸர்ஃப் ரசிகர்களுக்கு ஷங்கர்-ஜெய்கிஷன் சொந்தக்காரர் ஆகிவிட்டார்கள். திரையில் டெட் லயன்ஸ் குழு தெரிகிறது. ஒலிப்பதிவிலும் அவர்கள்தான் வாசித்தார்களா என்பதை லேபிள் சொல்வதில்லை. தட்டை வாங்குகிறவன் கேட்பதுமில்லை.

இது நம் ஊர்க் கோளாறு மட்டுமல்ல. ‘மார்க்கெட்ஸ்’ என்ற பெயரில் 1960களின் ஆரம்பத்தில் வெளியான ஸர்ஃப் தட்டுகளை வாசித்தது ஒரு குழுவே அல்ல. லாஸ் ஏஞ்சலஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் மணிக்கணக்கில் கூலிக்கு வாசித்தவர்கள். அட்டைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, வைத்தார்கள். அந்த ஊர் வாத்தியக்காரர்களைப் பற்றி 2008ல் ஒரு ஆவணப்படம் வந்தது. எடுத்தவர் டென்னி டெடெஸ்கோ, அவர்களில் ஒருவரான கிதார்க்காரர் டாமி டெடெஸ்கோவின் மகன். தகப்பனுக்குப் பெயர் வாங்கித்தர மகன் வரவேண்டியிருந்தது. அத்தனை தட்டுகளை அடுக்கியவர்கள் போதவில்லை. லாஸ் ஏஞ்சலஸுக்கும் கோடம்பாக்கத்துக்கும் இந்த விஷயத்தில் தூரமே கிடையாது.

பாட்டு உள்ள தட்டில் குரலாவது ஆளைக் காட்டிக்கொடுக்கும். வாத்தியம் மட்டுமே உள்ள தட்டில் வாசித்தவனைத் தவிர வேறு யாருமே இல்லை. அப்படிப்பட்ட தட்டைத் தேடி அலைகிறவர்கள், தட்டின் உள்வளையத்தில் கீறிய எண்ணை ஒப்பிப்பார்கள், அச்சான ஊரைச் சொல்வார்கள், உறையின் மடிப்பு எந்தப் பக்கம் என்று தகராறு செய்வார்கள். விரல் யாருடையது என்றால் விழிப்பார்கள். எண் தெரியும், ஆள் தெரியாது. இதை விமர்சனம் என்றால் ஸ்டாக் ரிஜிஸ்தரும் விமர்சனம்தான்.

சேகரிப்பவர்கள் இல்லாவிட்டால் எல்லாம் அழிந்திருக்கும் என்பார் நண்பர். பாதி உண்மை. மீதிப் பாதிக்கு ஒரு உதாரணம் தருகிறேன். சரண்ஜித் சிங் பம்பாய்ப் படக் கூடங்களில் கிதார் வாசித்தவர். 1982ல் ஸிந்தசைஸரில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டுப் போட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2002ல் எடோ பவுமன் என்ற டச்சுச் சேகரிப்பாளர் கையில் அது கிடைத்தது. அவர் பூட்டி வைக்கவில்லை. மும்பைக்குப் போனார், மனிதரைத் தேடிப் பிடித்தார், 2010ல் தட்டை மறுபடி வெளியிட்டார். 2015ல் இறப்பதற்கு முன் அந்த முதியவர் ஐரோப்பிய மேடைகளில் வாசித்துவிட்டுப் போனார். நம்மிடையேயும், எம். எஸ். வி.யின் ரசிகர்கள் சிலர் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு, அக்கார்டியன் மங்களமூர்த்தி, டிரம்ஸ் நோயல் கிராண்ட், கிதார் பிலிப் என்று பெயர்களை மீட்டு வைத்திருக்கிறார்கள். இவர்கள் யாரும் தங்களை விமர்சகர்கள் என்று அழைத்துக்கொள்வதில்லை. 2012ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம்கூட, வாசித்தவன் தன்னை வாசித்தவன் என்று அடையாளம் காட்டும்படி கோரலாம் என்கிறது. பார்லிமெண்டுக்குத் தோன்றிய விஷயம் நமக்குத் தோன்றவில்லை.

இனி என் விஷயம். நண்பரை மட்டும் திட்டிவிட்டு எழுந்துபோனால் அது யோக்கியமில்லை.

நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க பாங்குக்கு வருவார்கள். மூன்று வருஷம் முன்பு ஒரு பெரியவர் வந்தார். மனைவி ரயில்வேயில் இருந்து இறந்தவர். அந்தக் குடும்ப பென்ஷன். மெஷினில் இடது கை விரல்கள் எதிலும் ரேகை விழவில்லை. “கம்பி தின்ன விரலுங்க தம்பி” என்றார். வலது கட்டைவிரல்தான் அவரை உயிரோடு காட்டியது. விசாரித்தேன். கோடம்பாக்கத்தில் ஏழெட்டு வருஷம் கிதார் வாசித்தவர். “கால்ஷீட்டுக்குக் காச வாங்கிட்டு வந்துடுவோம். படம் பேருகூடத் தெரியாது. பின்னால எங்கியாவது கல்யாணத்துல குழாயில பாடும்போதுதான், அட, இது நாம வாசிச்சதாச்சேன்னு தெரியும்” என்றார். என்னிடம் ஒரு தட்டுக் கட்டு இருப்பதைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. “ஒரு நாள் வந்து கேக்கலாமா?” என்றார்.

புது ஊசி வாங்கியதும் சொல்கிறேன் ஐயா, பழைய ஊசி தட்டைக் கெடுத்துவிடும் என்றேன்.

நண்பர் சொன்னதும் இதே வாக்கியம்தான் என்பது அவர் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. புது ஊசி ஜனவரியில் வந்தது. சொல்லி அனுப்பவில்லை, வேலை, சோம்பல். அடுத்த நவம்பரில் அவர் வரவில்லை. சான்று வராததால் பென்ஷன் நின்றது. பிறகு மகன் இறப்புச் சான்றிதழோடு வந்தார். பெரியவரின் பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதினால், எந்தப் பாட்டு என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டிய நாளில் கேட்கவில்லை. அந்த வெளுத்த இடத்தை அவர் காதில் போட்டிருந்தால் ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

இது தட்டோடு நிற்கிற வியாதியும் அல்ல. 1959லிருந்து 1970வரை வந்த ‘எழுத்து’ 119 இதழும் தன்னிடம் இருப்பதாகச் சொல்பவர்களை எனக்குத் தெரியும். அதில் வந்த ஒரு கட்டுரையைப் பற்றிப் பேச்செடுத்தால் பைண்டிங்கைப் பற்றிப் பேசுகிறார்கள். நாம் முந்நூறு பேர்தான் என்பதில் நமக்கு ஒரு ரகசியச் சந்தோஷம் இருக்கிறது. அதுவும் ‘மின்ட்’ மோகம்தான். கை படாத இதழ், வாசிக்கப்படாத கவிதை, கேட்கப்படாத தட்டு. பெருந்திரள் ரசனையைக் கேலி செய்தே வளர்ந்த நாம், ஒரு புளியமரத்து ஸ்பீக்கர் செய்த அளவுக்குக்கூட எதையும் தேய்க்கவில்லை.

ஆசிரியருக்கு ஒரு கோரிக்கை. இதழுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். ஒரு தட்டு, அதில் வாசித்தவர்கள் யார் யார், எப்படித் தெரியும். அவ்வளவு போதும். தெரியாத இடத்தை வெறுமையாக விட்டு அச்சிடுங்கள். வெறுமை கண்ணை உறுத்தட்டும். வாசித்தவர்களில் மிச்சமிருப்பவர்கள் எண்பதை ஒட்டியவர்கள். நவம்பர் வந்துகொண்டேயிருக்கிறது.

என் கட்டிலிருந்து நான் தொடங்குகிறேன். ஞாயிறு மாலைகளில் என் அறையில் தட்டுகள் சுழலும். உங்கள் தெருவில் மெல்லிசைக் குழுவிலோ கோடம்பாக்கத்திலோ வாசித்த பெரியவர் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். நண்பரும் வரலாம், தன் ஸர்ஃப் தட்டோடு. ஆனால் ஊசி படும்.