கூரைக்கு ஒரு மூலைச் சட்டம்

1897-ம் ஆண்டு ஜூன் 12-ம் தேதி நேர்ந்த பூகம்பத்தில் ஷில்லாங்கின் கல் கட்டடங்கள் தரைமட்டமாயின. அதன் பின்னரே இலேசான மரச்சட்டமும் தகரக் கூரையும் கொண்ட வீடுகள் அஸ்ஸாம் பகுதியில் பரவின. 1950-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ல் மீண்டும் பூமி பெரிதாக அதிர்ந்தது. ஆகவே அங்கு வாழும் நம்மவர்க்குக் கூரையைப் பற்றிய கவலை வீண் கவலையன்று.

மச்சில் ஏறி நோக்கினால் முக்கோணச் சட்டகங்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். ஒவ்வொன்றும் தன்னளவில் உறுதியானதே. ஆயினும் பக்கவாட்டில் தள்ளுண்டால், நிறுத்தி வைத்த சீட்டுகளைப் போல் யாவும் ஒருமிக்கச் சாயும். அவற்றை இணைக்கும் நேர்க்கட்டைகள் சதுரங்களையே உண்டாக்குகின்றன, சதுரம் நெளியும். மூலைக்கு மூலை ஒரு சட்டம் அறைந்தால் அது இரு முக்கோணங்களாகிவிடும், நெளியாது.

முதலில் தூக்குக்குண்டு விட்டுச் சட்டகங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்துக்கொள்வோம். சாய்ந்தபடியே அறைந்தால் சாய்வே நிலைத்துவிடும். பிறகு 4 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிமனும் உள்ள சட்டத்தை, கைமரங்களின் அடிப்புறத்தில், முகட்டிலிருந்து சுவர்த்தலை வரை ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் பொருத்த வேண்டும். ஒவ்வொரு கைமரத்திலும் 2 ஆணிகள் அவசியம். நீளம் போதாவிடில், இரு துண்டுகளும் 2 சட்டகங்களின்மீதேனும் சேர்ந்து படிய வேண்டும். இரு சரிவுகளிலும், வீட்டின் இரு கோடிகளிலும் இவ்வாறே செய்தல் நலம்.

வாடகை வீடாயின் வீட்டுக்காரரிடம் கேட்கக் கூச்சம் வேண்டாம். செலவாவது சில சட்டங்களும் தச்சர் கூலியுமே. அக்கூரையின் கீழ் உறங்குவோரோ நம் குழந்தைகள்.