ஊர்க்காசு ஊரில் உலவுக!

சேத்தூர்க் கடைத்தெருவில் கிடைக்கும் பொருளையே இராசபாளையத்திற்குப் பேருந்தேறிச் சென்று வாங்குவோர் பலர். கைப்பேசி வழியே அயல்நாட்டு முதலாளிகளிடம் வாங்குவோரும் உளர். ஊரில் செலவிடும் உருபா உழவர்க்கும் தச்சர்க்கும் கைமாறும்; வெளியேறியது மீள்வது அரிது. எனவே, "ஊரிலேயே வாங்குக" என வணிகர் வேண்டுவது முறையே. ஆயின், வெறும் வேண்டுகோள் வாங்குவோரைக் கொணராது.

வழி தொலைவில் இல்லை. நம் மாவட்டத் தலைநகராம் விருதுநகரில், வணிகர் தம் வருவாயில் சிறுகூற்றை 'மகமை'யென ஒதுக்கினர். வீடுதோறும் பிடியரிசியும் திரட்டினர். அவர்கள் நடத்திய பள்ளியிலேயே காமராசர் பயின்றார். கடையில் கொடுத்த காசு கல்வியாய்த் திரும்பியது! அன்று அஃது ஒரு குலத்தாரின் ஏற்பாடு. சேத்தூரில் அஃது ஊர்ப்பொதுவாதல் வேண்டும்.

மறுப்பு மட்டும் போதாது. 2017-இல் ஏறுதழுவல் எழுச்சியை அடுத்து, மார்ச்சு முதல்நாள் தொட்டுப் பெப்சி, கோக்கு விற்பதில்லையெனத் தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தன. உணர்வு உயர்ந்ததே, எனினும் காலப்போக்கில் அக்குடிப்புகள் மீண்டும் கடையேறின. விலக்கிய இடத்தில் நம் பொருளை நிறுத்தினாலன்றி வெற்றியில்லை.

ஆகவே, சேத்தூர் வணிகர் ஒன்றுகூடி மூன்று செய்க: மலையடித் தோப்புகளின் மாங்கனியையும் தேங்காயையும் உழவரின் அரிசியையும் கடையில் முன்வைத்தல், எடையிலும் விலையிலும் வழுவாமை, பொதுமகமை திரட்டி, அதன் வரவுசெலவைத் திங்கள்தோறும் கடைத்தெருவில் எழுதிவைத்தல்.

வணிகரே! முதலில் நீவிர் ஊருக்குக் கொடுங்கள். ஊர் உம் கடைவாயிலில் நிற்கும்!