குறைமாதக் குழந்தையும் குடும்பத்தின் கடமையும்

மருத்துவமனையிலிருந்து குறைமாதக் குழந்தை வீடு திரும்பும் நாளைச் சிகிச்சை நிறைவுற்ற நாளாகக் கருதும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக உள்ளது. குடும்பத்தார் இனிப்பு வழங்குகின்றனர். மருத்துவமனையில் ஏடு மூடப்படுகிறது. கிராமச் சுகாதாரப் பணியாளரும் தம் கவலை ஒன்று தீர்ந்ததென எண்ணுகிறார். உண்மையில் அந்நாளில் முடிவது சிகிச்சையின் முற்பகுதியே ஆகும். பிற்பகுதி வீட்டில் நடைபெறுகிறது. அதற்கு வேண்டுவன விலையுயர்ந்த கருவிகள் அல்ல. நேரமும் ஆள் துணையுமே. இவ்விரண்டையும் தாய் ஒருத்தியே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது முறையன்று.

கருவுற்று 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறப்பது குறைமாதக் குழந்தை எனப்படும். கருப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலேதான் குழந்தையின் தோலுக்கடியில் கொழுப்பு மிகுதியாகச் சேர்கிறது. தாயிடமிருந்து நோயை எதிர்க்கும் பொருள்களும் இரும்புச் சத்தும் பெருமளவிற் செல்வதும் அப்போதுதான். இச்சேமிப்பு முற்றுப் பெறாமற் பிறந்த குழந்தை விரைவிற் குளிர்ந்து போகும். எளிதில் நோய்த்தொற்றுக்கு ஆளாகும். கவனியாது விட்டால் சில வாரங்களில் இரத்தசோகையும் காணும். உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் இசைவாகச் செய்யும் ஆற்றல் ஏறத்தாழ 34ஆம் வாரத்திலேதான் கைகூடுகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலைக் கறந்து சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டியிருக்கும். தென்னாட்டு இல்லங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் பாலாடை, இதன் பொருட்டே, அப்பெயருடனேயே வடநாட்டு மருத்துவமனைகளிலும் இடம் பெற்றுள்ளது. புட்டியைக் காட்டிலும் அதைத் தூய்மையாக வைத்திருப்பது எளிது.

வீட்டில் இத்தகைய குழந்தையைக் காப்பது இயலுமா என்ற ஐயத்துக்கு அனுபவம் விடை தந்திருக்கிறது. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் என்னும் வெப்பப் பெட்டிகள் போதாத நிலையில், எட்கர் ரே சானப்ரியா என்னும் மருத்துவர் குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோல் படும்படி அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று இன்று உலகெங்கும் அறியப்படுவது இதுவே. நம் நாட்டில், மகாராஷ்டிர மாநிலத்துக் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர், ஓரளவே பள்ளிக் கல்வி பெற்ற கிராமப் பெண்களுக்குப் பயிற்சியளித்து, வீடுதோறும் சென்று பச்சிளங் குழந்தைகளைப் பேணச் செய்தனர். பயிற்சி நடைபெறாத கிராமங்களோடு ஒப்பிட, மூன்றாம் ஆண்டில் பச்சிளங் குழந்தைகளின் இறப்பு 62 விழுக்காடு குறைந்தது என்பதை 1999இல் வெளியான அவர்தம் ஆய்வு காட்டிற்று.

ஹரியானா மாநிலத்தில் நடைபெற்று 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு, எடை குறைந்த 8,402 குழந்தைகளை உட்கொண்டது. வீட்டிலேயே கங்காரு முறையைக் கைக்கொள்ள உதவி பெற்ற குடும்பங்களில் முதல் 28 நாட்களில் நேரும் இறப்பு 30 விழுக்காடு குறைவாக இருந்தது. இவ்வாய்விற் குறிப்பாக நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அக்குழந்தைகள் சராசரியாக நாளொன்றுக்குப் பதினொரு மணி நேரத்துக்கு மேல் மார்போடு அணைக்கப்பட்டிருந்தன. உலக சுகாதார நிறுவனமும் 2022இல் வெளியிட்ட பரிந்துரையில், நாள்தோறும் எட்டு மணி முதல் இருபத்து நான்கு மணி வரை, இயன்ற அளவு கூடுதலாக, இவ்வாறு செய்யவேண்டும் என்று கூறுகிறது.

பதினொரு மணி நேரம் என்று எழுதுவது எளிது. அந்நேரத்தில் அவ்வீட்டில் உலை வைப்பவர் யார்? தண்ணீர் கொண்டுவருபவர் யார்? மாட்டைக் கவனிப்பவர் யார்? மூத்த குழந்தைக்குச் சோறூட்டுபவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை காணாமல், "குழந்தையை மார்பில் வைத்திரு" என்று தாய்க்கு மட்டும் அறிவுரை கூறி வெளியேறுவது பயனற்றது. 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. எனினும் பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனங்களை நோக்கியே அது வகுக்கப்பட்டது. வயல் வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு அச்சட்டத்தால் ஒரு நாளும் மிகுதியாகக் கிடைக்கவில்லை. ஆகவே உதவி முதலில் வீட்டுக்குள்ளிருந்தே வரவேண்டும். தந்தையின் மார்பும் தாயின் மார்பைப் போன்றே வெப்பம் தரும். பாட்டியும் அத்தையும் முறை வைத்துக் குழந்தையை அணைத்துக் கொள்ளலாம். இது பெண்களின் வேலை என்று கூறி ஒதுங்கும் ஆண்மகனிடம் பேசுவதும் சுகாதாரப் பணியின் ஒரு பகுதியே.

குழந்தை நன்கு பருக்கும் வரை மருத்துவமனையிலேயே இருத்துவதே பாதுகாப்பு என்று கூறுவாரும் உளர். மூச்சுத் திணறலும் தொற்றும் உள்ள குழந்தைக்கு அக்கூற்று முற்றும் பொருந்தும். நிலைபெற்று, பால் குடித்து, எடை ஏறத் தொடங்கிய குழந்தைக்கு அது பொருந்தாது. கூட்டம் மிகுந்த பிரிவில் தொற்று எளிதிற் பரவும். தாய் அருகில் இல்லையேல் பாலும் வற்றும். எனினும் இடம் வேண்டும் என்பதற்காகத் தாயைப் பழக்காமல் அனுப்பிவிடுவதும் குற்றமே. பால் கறத்தல், பாலாடையால் புகட்டுதல், மார்போடு அணைத்துக் கட்டுதல், வயிற்றையும் பாதத்தையும் தொட்டுக் குளிர்ச்சியை உணர்தல் ஆகியவற்றைத் தாயும் வீட்டார் ஒருவரும் தம் கைகளாலேயே செய்து காட்டிய பின்னரே குழந்தையை அனுப்புதல் வேண்டும்.

2011இல் தொடங்கப் பெற்ற திட்டத்தின்படி, மருத்துவமனையிற் பிறந்த குழந்தையை ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டிற் சென்று காண வேண்டும். ஐந்து வாரம் மருத்துவமனையிற் கழித்துத் திரும்பும் குழந்தைக்கு இவ்வட்டவணையில் எஞ்சுவது ஒரு நாளே. எனவே வீடு திரும்பிய நாளையே முதல் நாளாகக் கொண்டு அடிக்கடி செல்வது அறிவுடைமை ஆகும். சென்றவுடன் அறிவுரை கூறத் தொடங்காமல், முதலில் உற்று நோக்குதல் நன்று. குழந்தை பால் குடிக்க மறுத்தல், தொட்டாலன்றி அசையாதிருத்தல், அமைதியாக இருக்கையில் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குதல், மார்பு உட்குழிதல், நீலம் பாரித்தல், வலிப்பு, உடல் சில்லிடல் அல்லது காய்தல், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும், மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லச் செய்ய வேண்டும்.

பழக்கவழக்கங்களை இகழ்ந்து பேசுவதால் பயனில்லை. பேறு கண்டவளும் குழந்தையும் நாற்பது நாள் தனித்திருக்கும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் உள்ளது. வருவோர் கூட்டத்தைத் தடுத்து, தாயை வேலையினின்றும் விடுவிப்பதால் அது குறைமாதக் குழந்தைக்குப் பெருந்துணை. ஆனால் அதே வழக்கம் ஓரிடத்திற் கேடாகவும் முடியும். 34 வாரத்துக்கு முன்னரோ, இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையுடனோ பிறந்த குழந்தையின் விழித்திரையைப் பிறந்த முப்பது நாட்களுக்குள் கண் மருத்துவர் சோதிக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்னதாகவே சோதிக்க வேண்டும். இந்நோய் புறத்தே யாதொரு அடையாளமும் காட்டாது. உரிய காலத்திற் கண்டால் பெரும்பாலும் தடுக்கலாம். தவறினால் மீளாக் குருடு நேரும். நாற்பது நாள் கழியட்டும் என்று காத்திருக்கும் பாட்டியிடம், அவர்தம் வழக்கத்தின் நன்மையை முதலில் ஒப்புக்கொண்டு, இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் விலக்குக் கேட்கும் பணியாளரின் சொல் ஏற்கப்படும்.

ஆசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தையை ஆறாம் மாதத்தில் நான்கு மாதக் குழந்தையோடு ஒப்பிட்டே வளர்ச்சியைக் கணிக்க வேண்டும். இரண்டு வயது வரை இக்கணக்கு உதவும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த நாளே கணக்கு. அதனைத் தள்ளிப் போடலாகாது. குறைமாதத்திற் பிறந்தோருள் பலர் பிறரைப் போலவே வளர்ந்து கல்வி பயில்கின்றனர். சிலருக்குப் பார்வையிலோ கேள்வியிலோ கவனத்திலோ குறை எஞ்சக்கூடும். கரும்பலகையைக் காணாது விழிக்கும் மாணவனை மந்தன் என்று முடிவு செய்யுமுன், அவன் பிறப்பைப் பற்றித் தாயிடம் ஒரு கேள்வி கேட்பது நல்லாசிரியரின் கடமை.

உயிரை மீட்கும் வேலையை மருத்துவமனை செய்து முடித்த பின், அவ்வுயிரை நிலைநிறுத்தும் வேலை ஒரு சிறு வீட்டின் மூலையில், பெரும்பாலும் ஒரே ஒருத்தியின் தோளில் விழுகிறது. அவளுக்கு நாளொன்றில் சில மணி நேர ஓய்வைத் தேடித் தருவதும் மருத்துவ உதவியே என்பதை ஊர் உணரும்படி செய்தல் வேண்டும்.