லைக் வாக்குமூலம் ஆகாது

2012 நவம்பர் 17 அன்று சிவசேனா தலைவர் பால் தாக்கரே காலமானார். மறுநாள் இறுதி ஊர்வலத்துக்காக மும்பை முழுக்கக் கடைகள் மூடிக் கிடந்தன. மும்பைக்கு வடக்கே பால்கரில் வசித்த 21 வயதுப் பெண் ஒருவர், நகரம் அடங்கியது பயத்தால்தான், மரியாதையால் அல்ல என்ற பொருள்பட ஃபேஸ்புக்கில் சில வரிகள் எழுதினார். அவருடைய தோழி அதற்கு லைக் போட்டார். போலீஸ் இருவரையும் கைது செய்தது. எழுதிய பெண்ணின் உறவினர் நடத்திய மருத்துவமனையை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது.

நாடு முழுக்கக் கண்டனம் எழுந்த பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். காவல் அதிகாரிகள் இருவர் பணி இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆனால் அந்தக் காவல் நிலையத்தில் யாரும் கேட்காத கேள்வி இன்றும் தீராமல் இருக்கிறது. ஒருவர் லைக் போட்டால் அவர் என்ன சொன்னதாக எடுத்துக்கொள்வது? அதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு இருக்கிறது?

அப்பா இறந்துவிட்டார் என்று ஒருவர் படத்தோடு பதிவு போடுகிறார். சிறிது நேரத்தில் அதன் கீழே கட்டைவிரல்கள் குவிகின்றன. யாரும் அந்தச் சாவை விரும்பவில்லை. 'செய்தியைப் பார்த்துவிட்டேன், உன் துக்கத்தில் எனக்கும் பங்குண்டு' என்பதுதான் அங்கே லைக். அத்தை மகளின் வளைகாப்புப் படத்துக்குப் போடும் லைக், உறவு கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. மேலதிகாரியின் பதிவுக்குப் போடும் லைக் மரியாதைக்கும் இருக்கலாம், அச்சத்துக்கும் இருக்கலாம். பிறகு நிதானமாகப் படிக்கலாம் என்று அடையாளத்துக்குப் போட்டு வைப்பவர்கள் உண்டு. பேருந்துக் குலுக்கலில் விரல் பட்டு விழுகிற லைக்கும் உண்டு. பொத்தான் ஒன்றுதான், மனம் பல.

ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் 2009 பிப்ரவரி 9 அன்று வந்தது. விமியோ, ஃப்ரெண்ட்ஃபீட் போன்ற தளங்கள் அதற்கு முன்பே இப்படி ஒரு பொத்தானை வைத்திருந்தன. ஃபேஸ்புக் ஊழியர்கள் 2007-இல் இதை உருவாக்கத் தொடங்கியபோது வைத்த பெயர் 'ஆசம்' (அற்புதம்). ஒரே மாதிரியான வாழ்த்துகள் ஒவ்வொரு பதிவின் கீழும் வரிசைகட்டி நிற்பதைக் குறைக்க வேண்டும் என்பது நோக்கங்களில் ஒன்று. நல்ல நோக்கம்தான். ஆனால் வாழ்த்தை எண்ணிக்கையாக மாற்றிய பிறகு, அந்த எண்ணிக்கைக்கு வேறு வேலைகள் முளைத்தன.

2016-இல் லவ், ஹாஹா, வாவ், சோகம், கோபம் என்ற முகங்கள் சேர்ந்தன. மறு ஆண்டிலிருந்து இந்த ஒவ்வொரு முகத்தையும் ஐந்து லைக்குக்குச் சமமாக ஃபேஸ்புக்கின் நிரல் எடை போட்டது. எது அதிக எடை பெறுகிறதோ அது அதிகம் பேரின் திரைக்கு வந்தது. 2018-இல் புதிய மதிப்பெண் முறை வந்தது. அதில் லைக்குக்கு ஒரு புள்ளி, பகிர்வுக்கு ஐந்து, பொருட்படுத்தத்தக்க கமெண்ட்டுக்கு முப்பது வரை. ஒரு வதந்தியைப் பார்த்துப் பொறுக்காமல் கோப முகத்தை அழுத்தியவர், தன்னை அறியாமலேயே அதை நாலு பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கோப முகங்களை அதிகம் ஈர்க்கும் பதிவுகளில் பொய்த் தகவலும் வன்மமும் அளவுக்கு மீறி இருப்பதாக அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே 2019-இல் கண்டறிந்தார்கள். கோபத்தின் எடை பூஜ்யமானது 2020 செப்டம்பரில். முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் 2021-இல் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்திராவிட்டால் இந்தக் கணக்கு பொதுமக்களுக்குத் தெரிந்திருக்காது. எதிர்ப்பைக்கூட ஆதரவாக எண்ணிய ஒரு தராசை இத்தனை ஆண்டுகள் நம் கையில் கொடுத்து வைத்திருந்தார்கள்.

லைக் போடுபவர் சுயமாக முடிவெடுத்துத்தான் போடுகிறாரா என்பதும் சந்தேகம். 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. ஒரு செய்தித் தளத்தில் வந்த லட்சத்துக்கும் மேற்பட்ட கமெண்ட்டுகளில் சிலவற்றுக்கு மட்டும், எந்தத் தகுதியும் பார்க்காமல், ஆய்வாளர்களே தொடக்கத்தில் ஓர் ஆதரவு வாக்கைப் போட்டுவிட்டார்கள். அடுத்து வந்தவர் அந்தக் கமெண்ட்டுக்கு ஆதரவு வாக்களிக்கும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. இறுதி மதிப்பும் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. முன்னால் போனவரின் விரல் பின்னால் வருபவரின் விரலை இழுக்கிறது.

இவ்வளவு தடுமாற்றம் உள்ள ஒரு செயலை வைத்து மனிதர்களை அளப்பதும் நடக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல், 58,000 பேர் மனமுவந்து கொடுத்த ஃபேஸ்புக் லைக்குகளைக் கொண்டு அவர்களின் இனம், அரசியல் சார்பு, பாலியல் நாட்டம் ஆகியவற்றைக் கணிக்க முடியும் என்று காட்டினார்கள். எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டிய முடிவு அது. ஐந்தே ஆண்டுகளில், ஃபேஸ்புக் பயனர்களின் தகவல்களை அரசியல் பிரசாரத்துக்காகத் திரட்டிய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிறுவனத்தின் விவகாரம் வெடித்தது. 8.7 கோடிப் பேரின் தகவல்கள் கைமாறியிருக்கலாம் என்று ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. அதில் இந்தியர்கள் சுமார் 5.62 லட்சம். ஒரு தனி லைக்கால் ஒருவரின் மனதைச் சொல்ல முடியாது. ஆயிரம் லைக்குகளைச் சேர்த்து வைத்திருப்பவரால் ஓரளவு ஊகிக்க முடியும். அந்தச் சேமிப்பு நிறுவனத்திடம்தான் இருக்கிறது. 2024 ஜூனில் எக்ஸ் தளம், யார் எதற்கு லைக் போட்டார் என்பதைப் பிறர் பார்க்காதபடி மறைத்தது. எக்ஸ் நிறுவனத்திடமிருந்து எதுவும் மறையவில்லை.

நீதிமன்றங்களும் இதில் ஒரே வழியில் நடக்கவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஷெரிஃப் தேர்தலில் தன் மேலதிகாரியான ஷெரிஃபை எதிர்த்து நின்ற வேட்பாளரின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு லைக் போட்ட ஷெரிஃப் அலுவலக ஊழியர் வேலையை இழந்தார். லைக் என்பது பாதுகாக்கத்தக்க பேச்சே அல்ல என்றது கீழ் நீதிமன்றம். அதுவும் பேச்சுதான், வீட்டு வாசலில் வேட்பாளரின் பலகையை நட்டு வைப்பதற்குச் சமம் என்று 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருத்தியது. துருக்கியில் கல்வி அமைச்சகத்தின் கீழ் துப்புரவுப் பணி செய்த பெண்ணை, சில பதிவுகளுக்கு லைக் போட்டதற்காக நீக்கினார்கள். 2021-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. லைக் போடுவதையும் பகிர்வதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றமோ, லைக்கால் அவதூறு மூன்றாம் நபரைச் சென்றடைந்தால் அதைப் பரப்பியதாகவே கொள்ளலாம் என்று 2020-இல் சொன்னது. இந்த வாதத்தை ஏற்க முடியாது. லைக் விழுந்த பதிவை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிப்பது நிறுவனத்தின் நிரல். அழுத்தியவருக்கு அது தெரியவும் தெரியாது.

இந்தியாவில் பால்கர் கைதுகளைத் தொடர்ந்து சட்ட மாணவி ஷ்ரேயா சிங்கால் தொடுத்த வழக்கில், இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. 2025 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம் இன்னும் நேரடியாகப் பேசியது: போராட்ட அழைப்புப் பதிவு ஒன்றுக்கு லைக் போட்டவர் மீதான வழக்கில், லைக் போடுவது வெளியிடுவதும் ஆகாது, அனுப்புவதும் ஆகாது, எனவே ஆபாசப் பதிவுகளை வெளியிடுவதற்கு எதிரான அதே சட்டத்தின் 67-ஆவது பிரிவு பொருந்தாது என்று சொல்லி வழக்கை ரத்து செய்தது.

பகிர்வது வேறு. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவை நடிகர் எஸ்.வி.சேகர் பகிர்ந்த விவகாரத்தில், ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்வது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். அது 2018-இல். சரியான நிலைப்பாடு. பகிர்பவர் தன் கையால் எடுத்துத் தன் பெயரில் பிறர் முன் வைக்கிறார். அதற்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

தீர்ப்பு வந்தால் மட்டும் போலீஸ் நிலையம் மாறிவிடாது. 66ஏ செத்து ஆறு ஆண்டுகள் கழிந்தும் அதன் கீழ் வழக்குகள் பதிவாவதைக் கேட்டு உச்ச நீதிமன்றம் 2021-இல் அதிர்ச்சி தெரிவித்தது. இனி அப்படி யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. ஆகவே இரண்டு வேலைகள் உடனே நடக்க வேண்டும். எந்தப் பொத்தானுக்கு எவ்வளவு எடை என்பதைச் சமூக ஊடக நிறுவனங்கள் வெளிப்படையாக அறிவிக்க மத்திய அரசு கட்டாயப்படுத்த வேண்டும். லைக்கை மட்டுமே ஆதாரமாக வைத்து யார் மீதும் எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது என்று தமிழ்நாடு டி.ஜி.பி. எல்லாக் காவல் நிலையங்களுக்கும் எழுத்துபூர்வமாகச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.