அந்தக் கடிதத்தை எழுதியவர் யார்?

இந்த வாரம் என்னைக் கோபப்படுத்தியது ஒரு கடிதம். ஈஸ்ட்ஹாமில் இருந்து இல்ஃபோர்டுக்கு வீடு மாறிப்போய் ஏழு வருடத்துக்கு மேலாகிவிட்ட ஓர் அக்காவுக்கு அது வந்திருந்தது. பழைய வாடகை வீட்டின் கரண்ட் பில்லில் 1,140 பவுண்ட்ஸ் பாக்கி நிற்கிறதாம். ஏழு நாளுக்குள் கட்டாவிட்டால் மேல் நடவடிக்கையாம். அனுப்பியது கடன் வசூலிக்கும் ஒரு நிறுவனம். எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரைக்குமான பில், மீற்றர் எத்தனையில் நின்றது, இத்தனை வருடம் ஏன் கேட்கவில்லை, ஒன்றுமே அதில் இல்லை. கையெழுத்தும் இல்லை. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் 'வசூல் பிரிவு' என்று அச்சடித்திருந்தது.

"தம்பி, கட்டிப்போட்டு நிம்மதியா இருப்பமோ எண்டு யோசிக்கிறன்" என்றார். அந்த வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது மீற்றரைப் பார்த்துச் சொல்லி, கடைசி பில்லையும் கட்டியவர் அவர். கட்டியதைக் காட்டும் வங்கிக் கணக்குத் தாளை இன்றைக்கும் ஒரு நகைக்கடைப் பைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவரே, கடனில்லாத கடனைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாமா என்று யோசிக்கிறார்.

உண்மையில் இந்தப் பத்தியை வேறொன்றுக்காக ஒதுக்கி வைத்திருந்தேன். பிரித்தானியாவில் வீட்டுக்காரர்கள் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் கட்டாமல் வைத்திருக்கும் பாக்கி 2025-இல் 400 கோடி பவுண்ட்ஸைத் தாண்டியதாக எரிசக்திக் கம்பனிகளைக் கண்காணிக்கும் ஒஃப்ஜெம் கணக்குக் காட்டியிருக்கிறது. 2021-இலும் 2022-இலும் விலை ஏறியபோது சுமார் முப்பது விநியோகக் கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடுண்டதையும், பல்ப் என்ற விநியோகக் கம்பனியை அரசாங்கமே காசு போட்டுத் தாங்கிப் பிடித்ததையும் அப்போதே இங்கே எழுதியிருக்கிறேன். அதன் தொடர்ச்சியாக இந்தப் பாக்கியைப் பற்றி எழுத நினைத்தேன். ஆனால் அக்காவின் கடிதத்தை வாசித்த பிறகு வேறு கேள்விதான் மனதில் நின்றது. இந்த நாட்டில் பாக்கி என்று எழுதப்படுகிற கணக்கில் உண்மையான கடன் எவ்வளவு, ஆள் மாறி வீடு மாறி ஒருவர் தலையில் ஏறிய கணக்கு எவ்வளவு?

நம்முடைய ஆட்களிடம் இது அதிகம் நடக்கிறது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் லண்டனுக்கு வந்த பிள்ளைகள் ஆறு பேர், எட்டுப் பேராக ஒரே வீட்டில் இருந்தார்கள். வங்கிக் கணக்குத் திறக்க, டொக்டரிடம் பதிய, லைப்ரரி அட்டை எடுக்க, எதற்கும் விலாசத்தை உறுதிப்படுத்த ஒரு பில் வேண்டும். பெயர் போட்ட காஸ் பில் ஒன்று கையில் இருந்தால் இந்த நாட்டில் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அதனால் பில்லில் தன் பெயரைப் போடச் சொல்லிப் போட்டி போட்டார்கள். பிறகு ஒருவர் கலியாணம் கட்டி ஹரோவுக்குப் போவார், இன்னொருவர் கனடாவுக்குப் போவார். பெயர் மட்டும் அந்த வீட்டிலேயே நிற்கும். அடுத்து வந்தவர் எரித்த ஹீற்றருக்கும் அந்தப் பெயரிலேயே கணக்கு ஏறும். வீட்டுச் சொந்தக்காரர் கம்பனிக்கு அறிவித்திருக்கமாட்டார். இப்படிப்பட்ட வீடுகளில் இருந்த எத்தனையோ பேருக்கு, இன்றைக்கு ஐம்பது வயது தாண்டி, சொந்த வீடும் பிள்ளைகளும் ஆனபிறகு, முன்னொரு காலத்து விலாசத்தைப் போட்டுக் கடிதம் வருகிறது.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. 2018 மே மாதத்தில் இருந்து ஒஃப்ஜெம் விதி இது: கம்பனி தன் தவறினால் சரியான பில்லை அனுப்பாமல் விட்டால், பன்னிரண்டு மாதத்துக்கு முந்திய பாவனைக்காகப் பின்னர் வந்து காசு கேட்க முடியாது. மீற்றர் பார்க்க வந்தவரை நீங்கள் தடுத்திருந்தால் கதை வேறு. அடுத்தது 1980-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய கடனுக்கு ஆறு வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும். ஸ்கொட்லாந்தில் ஐந்து வருடம். அங்கே அதோடு கடனே இல்லாமல் போய்விடும். ஆனால் அந்த ஆறு வருடம் முடிவதற்குள் பயத்தில் ஐந்து பவுண்ட்ஸ் கட்டினாலோ, 'கடன் என்னுடையதுதான், அவகாசம் தாருங்கள்' என்று எழுதிக்கொடுத்தாலோ அன்றில் இருந்து கணக்கு மறுபடி முதலாம் நாள். வசூல் நிறுவனங்கள் 'சிறு தொகையாவது கட்டுங்கள்' என்று ஏன் இவ்வளவு தயவாகக் கேட்கின்றன என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

இன்னொன்று. கடன் வசூலிப்பவரையும் பெய்லிஃபையும் நம்மவர்கள் ஒன்றாக்கிவிடுகிறார்கள். பெய்லிஃபுக்குப் பின்னால் நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. வசூல் நிறுவனத்தின் ஆளுக்கு உங்கள் கதவைத் தட்டலாம் என்பதற்கு மேல் ஓர் அதிகாரமும் இல்லை. உள்ளே வர முடியாது, ஒரு கதிரையைக்கூடத் தூக்க முடியாது. "பாஸ்போர்ட்டில ஏதும் பிரச்சினை வருமோ?" என்று அக்கா கேட்டார். இது குற்ற வழக்கில்லை, வெறும் கொடுக்கல் வாங்கல் என்று சொன்னேன். அவர் முகத்தில் பயம் முழுதாகப் போகவில்லை. ராணுவம் வீட்டுக் கதவைத் தட்டிய ஊரில் இருந்து வந்தவருக்கு 'எங்கள் ஆள் உங்கள் வீட்டுக்கு வருவார்' என்ற ஒரு வரி என்ன செய்யும் என்பது அந்த வரியை எழுதியவருக்குத் தெரியவேண்டும்.

ஆனால் எழுதியவர் யார்?

பெயரில்லாத கடிதங்கள் மீது எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குப் புதிதில்லை. கவுன்சில் வரி பற்றி எழுதியபோதும் வாகனத் தரிப்பிட அபராதம் பற்றி எழுதியபோதும் அங்கேதான் வந்து நின்றேன். இன்றைக்கும் அங்கேதான் வருகிறேன். ஏனென்றால் இந்தக் கேள்விக்கு இந்த நாட்டு நீதிபதிகள் ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தது. இதுவரை அதைப் பற்றி முழுதாக எழுதாமல் விட்டதுதான் எனக்கே ஆச்சரியம்.

லிசா பெர்குசன் என்ற பெண் பிரிட்டிஷ் காஸின் வாடிக்கையாளராக இருந்தார். 2006 மே 25-ஆம் திகதி வேறு கம்பனிக்கு மாறிவிட்டார். கணக்கு முடிந்தது. ஆனால் அந்த ஓகஸ்ட் மாதத்தில் இருந்து 2007 ஜனவரி முடியும்வரை பிரிட்டிஷ் காஸ் அவருக்கு பில்லுக்கு மேல் பில்லும், மிரட்டலுக்கு மேல் மிரட்டலுமாக அனுப்பிக்கொண்டே இருந்தது. காஸை வெட்டுவோம், வழக்குப் போடுவோம், கடன் தரவரிசை நிறுவனங்களுக்கு உங்கள் பெயரைக் கொடுப்போம் என்று மூன்று மிரட்டல்கள். அவர் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார், போன் எடுத்தார். பெரும்பாலும் பதில் இல்லை. சிலவேளை மன்னிப்புக் கேட்டு, இனி வராது என்று எழுதினார்கள். பிறகு மறுபடியும் பில் வந்தது. நுகர்வோர் அமைப்பான எனர்ஜிவாட்ச்சிடம் முறையிட்டார். கம்பனித் தலைவருக்கே இரண்டு தரம் எழுதினார். அவரிடமிருந்தும் பதில் வரவில்லை.

கடைசியில் அவர் வழக்குப் போட்டார். 1997-ஆம் ஆண்டின் தொந்தரவுத் தடைச் சட்டத்தின் கீழ் 10,000 பவுண்ட்ஸ் நட்டஈடு கேட்டார். பெண்களைப் பின்தொடர்ந்து தொல்லைப்படுத்துகிற ஆண்களை மனதில் வைத்து வந்த சட்டம் அது. அதை ஒரு பெரிய காஸ் கம்பனிக்கு எதிராகப் பிடிக்கலாம் என்று எண்ணிய அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். வழக்கை விசாரிக்காமலே தள்ளிவிடும்படி பிரிட்டிஷ் காஸ் கேட்டது. கீழ் நீதிமன்றம் மறுத்தது. கம்பனி மேன்முறையீட்டுக்குப் போனது. 2009 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது.

கம்பனியின் வாதங்களைக் கேளுங்கள். அந்தக் கடிதங்கள் கணினி தானாக அனுப்பியவை. ஆள் எழுதிய கடிதத்தைப் போல அவற்றைப் பாரமாக எடுத்திருக்க வேண்டியதில்லை என்றார்கள். தனக்குக் கடன் இல்லை என்று அந்தப் பெண்ணுக்கே தெரியும். பிறகு ஏன் கலங்கவேண்டும் என்றும் கேட்டார்கள். பயப்படுத்துவதற்காகவே எழுதப்பட்ட கடிதத்தை அனுப்பியவர், நீங்கள் பயந்தது உங்கள் பிழை என்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வந்து நிற்கிறார்.

நீதிபதி ஜேக்கப் இந்த இரண்டையும் ஏற்கவில்லை. காப்புரிமை வழக்குகளில் பெயர்பெற்ற ரொபின் ஜேக்கப்தான் அவர். இயந்திரங்களின் உள்விவகாரம் அவருக்குப் புதிதில்லை. கணினிக்குள் என்ன போகவேண்டும், அது என்ன செய்யவேண்டும் என்று அமைத்தவர்கள் மனிதர்கள், அது கம்பனியின் ஏற்பாடு, ஆகவே பொறுப்பும் அவர்களுடையது என்றார். கணினி எழுதினாலும் அதை வாசிப்பது ஒரு மனுசி, அவளுக்கு வருவது உண்மையான கலக்கம் என்பதையும் சொன்னார். கடன் இல்லை என்று தெரிந்தவருக்குக்கூடப் பெரிய நிறுவனம் ஒன்று தொடர்ந்து மிரட்டும்போது நிம்மதி போகும் என்பதை அவர் விளங்கிக்கொண்டிருந்தார். நீதிபதி ஸ்டீபன் செட்லி இன்னும் ஒரு படி மேலே போனார். கணினியையோ அதை இயக்கியவரையோ காட்டி ஒரு கம்பனி தப்பலாம் என்றால், சாதாரண மனிதர் ஒருவர் தப்ப முடியாத பொறுப்பில் இருந்து கம்பனி மட்டும் தப்புகிறது என்றாகிவிடும். கம்பனிக்குச் சட்டம் தந்த தனி ஆளுமையின் பொருள் அதுவல்ல என்று எழுதினார். மேன்முறையீடு தள்ளுபடியானது.

அந்தத் தீர்ப்பு பெர்குசனுக்கு நட்டஈட்டைக் கொடுக்கவில்லை. வழக்கை நடத்தலாம் என்று வழியைத்தான் திறந்தது. எனக்கு அது போதும். 'எழுதியது கணினி' என்ற பதில் இங்கிலாந்து நீதிமன்றத்தில் செல்லாது என்று எழுத்தில் இருக்கிறது. அப்படி இருந்தும் 2023 பெப்ரவரியில் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் காஸின் வசூல் முகவர்கள் நலிந்தவர்களின் வீடுகளுக்குள்ளும் நுழைந்து, முன்கூட்டிக் காசு போடும் மீற்றரைப் பலவந்தமாகப் பூட்டியதை டைம்ஸ் பத்திரிகை நிருபர் ஒருவர் அவர்களோடு மறைவாக வேலைசெய்து வெளிக்கொண்டுவந்தார். அதுவரை அந்த வீடுகளுக்குள் நுழையும் உத்தரவுகளை நீதிமன்றங்கள் கட்டுக்கட்டாகக் கையெழுத்திட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எவரும் பார்க்கவில்லை. சில நாட்களிலேயே அந்த விண்ணப்பங்களை நிறுத்திவைக்கும்படி நீதிபதி எடிஸ் உத்தரவிடவேண்டி வந்தது. எனக்கு அந்தச் செய்தியில் பெரிய வேதனை இதுதான்: ஒரு நிருபர் உள்ளே போய்ப் பார்க்கும்வரை எந்தக் கடிதத்துக்கும் பின்னால் ஒரு முகம் தெரியவில்லை.

அக்காவுக்காக இரண்டு கடிதம் எழுதினோம். ஒன்று வசூல் நிறுவனத்துக்கு: இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை, திகதி, மீற்றர் அளவு, பில்களின் பிரதி எல்லாவற்றையும் எழுத்தில் தாருங்கள். மற்றது மின்சாரக் கம்பனிக்கு, முறைப்பாடு என்று தலைப்புப் போட்டு. வசூல் வேலையை இன்னொருவரிடம் கொடுத்தாலும் கணக்குக்குப் பொறுப்புக் கம்பனிதான். எட்டு வாரத்துக்குள் தீராவிட்டால் இத்தகைய முறைப்பாடுகளைத் தீர்த்துவைக்கும் எனர்ஜி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், செலவில்லை, அங்கே கிடைக்கும் முடிவை நீங்கள் ஏற்றால் கம்பனி பணிந்தேயாக வேண்டும். இரண்டு கடிதத்திலும் பெர்குசன் வழக்கைக் குறிப்பிட்டேன். அக்கா தன் முழுப்பெயரைத் தமிழில் கையெழுத்தாகப் போட்டார்.

உங்களுக்கும் இப்படிக் கடிதம் வந்திருந்தால் போனில் கதைக்காதீர்கள், எழுதுங்கள். உங்களுக்கு விளங்காததைக் கட்டாதீர்கள். வாசித்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் சிட்டிசன்ஸ் அட்வைஸிடம் போங்கள், காசு கேட்கமாட்டார்கள். ஆனால் கவுண்டி கோர்ட்டில் இருந்து படிவம் வந்தால் அதை ஒருநாளும் மூடி வைக்காதீர்கள். பதில் கொடுக்க 14 நாள். படிவம் கிடைத்தது என்று அந்த 14 நாளுக்குள் அறிவித்தால் 28 நாள். ஆறு வருடம் கடந்துவிட்டது என்பதை நீதிமன்றம் தானாகப் பார்க்காது, நீங்கள்தான் சொல்லவேண்டும். பேசாமல் இருந்தால் இல்லாத கடனுக்கும் தீர்ப்பு வரும், அது ஆறு வருடம் உங்கள் பெயரில் பதிவாக நிற்கும். இந்தப் படிவங்கள் பழைய விலாசத்துக்கே போவதுண்டு. ஆகவே முன்பிருந்த வீட்டில் இப்போது இருப்பவரை உங்களுக்குத் தெரியுமென்றால், உங்கள் பெயருக்கு ஏதும் வந்து கிடக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள்.