எண்ணத் தெரியாத குடோனுக்கு யார் அபராதம் போடுவது?

போன தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னால், என் மாமனாருக்கு வரவேண்டிய வேட்டி-சட்டை வரவில்லை. அதற்குப் பதிலாக செல்போனில் ஒரு செய்தி வந்தது. 'தவிர்க்க முடியாத காரணத்தால் உங்கள் ஆர்டர் ரத்து செய்யப்பட்டது. பணம் திரும்ப வரும்.'

பன்னிரண்டு நாள் முன்பே பணம் கட்டியாயிற்று. 'ஸ்டாக் இருக்கிறது' என்று பச்சை எழுத்தில் சொன்னது அவர்கள்தான். 'தீபாவளிக்கு முன் நிச்சயம்' என்றதும் அவர்கள்தான். வீட்டம்மா பார்த்த பார்வை இருக்கிறதே... "தெருமுனைக் கடையில எடுத்திருந்தா பத்து நிமிஷ வேலைங்க. எங்கப்பாவுக்குன்னா மட்டும் உங்களுக்கு இப்படித்தான் நடக்கும்!"

கோபம் தலைக்கேறியது. பேனா பிடிப்பவன் கோபம் வந்தால் என்ன செய்வான்? எழுதுவான். விற்றவரின் பெயருக்குக் கீழே ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'ஃபிராடு. இல்லாத சரக்கை விற்கிறான்' என்று நாலு வரி தட்டிவிட்டுத்தான் ராத்திரி சாப்பிட்டேன்.

மறுநாள் திருப்பூரிலிருந்து கல்லூரி நண்பன் பேசினான். பி.காம். மூணு வருஷமும் ஒரே பெஞ்ச். இப்போது குழந்தைகளுக்கான பனியன் துணி செட் தைத்து ஆன்லைனில் விற்கிறான். என் வீரப்பிரதாபத்தை அவனிடம் அவிழ்த்துவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மாப்ளே... அந்தச் சரக்கு யாரோட குடோன்ல இருந்துச்சுன்னு பார்த்தியா?"

"அது எனக்கு எதுக்குடா?"

"அங்கதான்டா விஷயமே இருக்கு. அந்த ஆளு சரக்கைக் கம்பெனி குடோனுக்கு ஏத்திவிட்டு ரெண்டு மாசம் ஆகியிருக்கும். உனக்கு வந்த மாதிரியே அவனுக்கும் ஒரு மெசேஜ்தான் வந்திருக்கும்."

ஆர்டர் விவரத்தைத் திறந்து பார்த்தேன். 'விற்பவர்' என்ற இடத்தில் ஒரு சின்ன வியாபாரியின் பெயர். 'அனுப்புவது' என்ற இடத்தில் அந்தப் பெரிய தளத்தின் பெயர். சரக்கு இவருடையது. பூட்டும் சாவியும் எண்ணிக்கையும் அவர்களுடையது. நட்சத்திரம் மட்டும் இவருக்கு!

நண்பனின் கதை இன்னும் மோசம். முந்தின வருஷம் ஆவணியில் 600 செட் அனுப்பியிருக்கிறான். தீபாவளி நெருக்கத்தில் ஸ்க்ரீனில் 212 செட் பாக்கி என்று காட்டியது. ஆர்டர்கள் வந்தன. ரேக்கில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லையாம். வந்த ஆர்டர்களை ரத்து செய்து, 'தற்போது கிடைக்காது' என்று கடையையே சாத்திவிட்டார்கள். இவன் புகார் மேல் புகார் எழுதினான். 'ஆய்வில் இருக்கிறது' என்று பதில் மேல் பதில். பொங்கல் முடிந்து நாலாம் நாள் 212 செட்டும் கிடைத்துவிட்டன. எங்கே? அதே குடோனில், பக்கத்து அளவுக்கான பெட்டியில்! அத்தனை நாள் அங்கே இருந்ததற்கு வாடகையும் பிடித்துக்கொண்டார்கள்.

"தை மாசம் எவன்டா தீபாவளி டிரஸ் வாங்குவான்?" என்றான்.

இதை ஏதோ ஒரு குடோனின் துரதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள். நிக்கோல் டிஹொரேஷியஸ், அனந்த் ராமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் 37 கடைகளில் சுமார் 3,70,000 ஸ்டாக் பதிவுகளை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் சொன்ன எண்ணையும் கடையில் இருந்த எண்ணையும் ஒப்பிட்டார்கள். 65 சதவீதப் பதிவுகள் தப்பு! கம்ப்யூட்டர் என்றால் கணக்குப்பிள்ளையைவிடத் துல்லியம் என்று நாம் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். கம்ப்யூட்டர் எண்ணுவதில்லை சார். யாரோ எண்ணிச் சொன்னதை அது ஞாபகம் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

தப்பு எப்படி நுழைகிறது? ரொம்ப சாதாரணமாக. மூன்று நிறத்தில் ஒரே அளவு சட்டை வந்தால், ஒரு பார்கோடை மட்டும் மூன்று தடவை ஸ்கேன் செய்துவிட்டு அடுத்ததற்குப் போவார் களைத்துப்போன ஊழியர். மூன்று பீஸ் சேர்ந்த ஒரு பாக்கெட்டை ஒருவர் 'ஒன்று' என்று ஏற்றுவார், இன்னொருவர் 'மூன்று' என்று இறக்குவார். 'எம்' சைஸும் 'எல்' சைஸும் ஒரே மாதிரி பாலித்தீன் பையில் இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி, திரும்பி வரும் சரக்கு. நம்ம ஊரில் வீட்டுக்கு வந்த பிறகு காசு கொடுக்கும் பழக்கம் அதிகம். 'ஐயா வீட்ல இல்ல', 'வேண்டாம்னு சொன்னாங்க' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறோம். அந்தப் பீஸ் கூரியர் குடோன் குடோனாக ஊர் சுற்றித் திரும்புவதற்குள் பண்டிகையே முடிந்துவிடும். அதுவரை அது விற்ற கணக்கிலும் இல்லை, இருப்புக் கணக்கிலும் இல்லை. திரிசங்கு சொர்க்கம்! வந்த பிறகாவது நல்லதா, கிழிந்ததா என்று பார்க்கிறார்களா? மூட்டையாக மூலையில் கிடக்கும். சிலசமயம் மூட்டையைப் பிரிக்காமலேயே 'வந்தாச்சு' என்று கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார்கள். பச்சை எழுத்து மின்ன ஆரம்பித்துவிடும்.

எங்களுக்கு பி.காமில் 'பின் கார்டு' என்று ஒரு பாடம் உண்டு. ஒவ்வொரு ரேக்கிலும் ஓர் அட்டை தொங்கும். வந்தது, போனது, மிச்சம். மூன்றே பத்தி. ஸ்டோர் கீப்பர் அதில் எழுதுவார். ஆபீஸில் இன்னொருவர் தனியாக லெட்ஜர் எழுதுவார். இரண்டும் ஒத்துவருகிறதா என்று மூன்றாவது ஆள் திடீரென்று வந்து எண்ணிப் பார்ப்பார். 'எதுக்குடா இந்த இழவெல்லாம்' என்று கடைசி பெஞ்சில் தூங்கினோம். இன்றைக்குத்தான் புரிகிறது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் நம்பாமல் இருப்பதுதான் கணக்கியல். இப்போது எழுதுவதும் ஒரே ஆள், சரிபார்ப்பதும் அதே ஆள், தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வதும் அவரே!

இனி அபராதக் கணக்குக்கு வருவோம். தானே பேக் செய்து அனுப்பும் விற்பனையாளருக்கு அமேசான் வைத்திருக்கும் அளவுகோல்: ரத்து 2.5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், தாமதமாக அனுப்புவது 4 சதவீதத்துக்குக் கீழே. தாண்டினால் கணக்குக்கே ஆபத்து. நல்ல விதிதான். நான் குறை சொல்லமாட்டேன். வாக்குக் கொடுத்தவன் காப்பாற்றட்டும். ஆனால், தளங்கள் தாங்களே நடத்தும் குடோன்களுக்கு அப்படி ஒரு பலகை எங்கே தொங்குகிறது? எத்தனை சதவீதம் எண்ணிக்கை தப்பு, எத்தனை ஆர்டர் அதனால் ரத்து என்று எந்தத் தளமாவது விற்பவர் பார்க்கும்படி போடுகிறதா?

'தொலைந்த சரக்குக்குத்தான் நஷ்ட ஈடு தருகிறோமே' என்பார்கள். அதையும் பார்ப்போம். அமெரிக்காவில் அமேசான், குடோனில் தொலைந்த பொருளுக்குப் புகார் கொடுக்கும் காலத்தை 18 மாதத்திலிருந்து 60 நாளாக 2024-ல் குறைத்தது. 2025 மார்ச்சிலிருந்து ஈட்டுத்தொகையையும் விற்பனை விலையை ஒட்டி இல்லாமல், பொருளைத் தயாரிக்கவோ வாங்கவோ ஆன அடக்க விலையை ஒட்டித் தருவதாக மாற்றியது. அதாவது 200 ரூபாய்க்குத் தைத்து 450 ரூபாய்க்கு விற்கும் செட் காணாமல் போனால் கைக்கு வருவது 200. லாபம் போனது போனதுதான். பண்டிகை போனதற்கு எந்தப் பத்தியில் பற்று எழுதுவது?

நம் நாட்டில் இன்னொரு வேடிக்கை. வெளிநாட்டு முதலீடு பெற்ற சந்தைத் தளம், நமக்கு விற்கப்படும் சரக்குக்குச் சொந்தக்காரனாக இருக்கக் கூடாது என்பது அரசு விதி. 2019 பிப்ரவரியிலிருந்து அது இன்னும் கறாராகிவிட்டது. ஆனால் குடோன் நடத்தலாம், பேக்கிங் செய்யலாம், அனுப்பிவைக்கலாம். சின்ன வியாபாரியைக் காப்பாற்ற வந்த விதிதான். நடைமுறையில் என்ன ஆயிற்று? சரக்கு தேங்கினால் நஷ்டம் விற்பவருக்கு, சரக்கு நடமாடினால் கட்டணம் தளத்துக்கு.

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு 'பெய்ல்மென்ட்' என்று பேர் வைத்திருக்கிறது. 148-வது பிரிவு. அடுத்தவர் பொருளை வாங்கி வைத்துக்கொண்டு, சொன்ன வேலை முடிந்ததும் திருப்பித் தருவது அல்லது அவர் சொன்ன இடத்தில் சேர்ப்பது. விவேகமுள்ள ஒரு மனிதர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151. தன் சொந்த 212 செட்டை எந்த விவேகியாவது மாசக்கணக்கில் பக்கத்துப் பெட்டியில் தேடாமல் இருப்பாரா?

'வாங்குபவர்களைக் காக்கத்தான் 2020-ல் மின்வணிக விதிகள் வந்தனவே?' வந்தன. நாம் ரத்து செய்தால் நம்மிடம் கட்டணம் பிடிக்கும் தளம், தானாக ரத்து செய்யும்போதும் அதே மாதிரி கட்டணத்தை ஏற்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நம்மிடம் கட்டணமே பிடிக்காத தளம்? என் மாமனார் வேட்டிக்கு அந்த விதியில் ஒரு நூல்கூடக் கிடைக்காது.

அமெரிக்காக்காரன் இந்த விஷயத்தில் ஒரு தடவை சாட்டையைச் சுழற்றினான். 1999 கிறிஸ்துமஸுக்கு ஆன்லைனில் பொம்மை ஆர்டர் செய்த ஏராளமான வீடுகளுக்குப் பண்டிகைக்கு முன் பொம்மை போகவில்லை. அஞ்சல் வழி விற்பனைக்கென்று 1975-ல் போட்ட ஒரு பழைய விதி அங்கே இருந்தது. இன்ன தேதிக்குள் அனுப்புவேன் என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு நியாயமான ஆதாரம் இருக்க வேண்டும், தாமதமானால் முன்கூட்டியே சொல்லி, 'வேண்டாம்' என்று சொல்லும் வாய்ப்பைத் தரவேண்டும் என்பது விதி. ஃபெடரல் டிரேட் கமிஷன் அந்தத் தூசி படிந்த விதியையே எடுத்து, 2000 ஜூலையில் டாய்ஸ்ஆர்அஸ், மேசிஸ் உள்பட 7 ஆன்லைன் கடைகளிடம் 15 லட்சம் டாலர் வசூலித்தது. 'டெக்னிகல் கோளாறு' என்ற பாட்டெல்லாம் எடுபடவில்லை.

இங்கே? 2014 அக்டோபர் 6-ஆம் தேதி ஃபிளிப்கார்ட் தன் முதல் 'பிக் பில்லியன் டே' நடத்தியது. பத்து மணி நேரத்தில் சுமார் 600 கோடி ரூபாய் வியாபாரம். கூடவே தளம் தடுமாறியது, சரக்கு தீர்ந்தது, ஆர்டர்கள் ரத்தாயின. மறுநாள் நிறுவனர்கள் இருவரும் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார்கள். மன்னிப்புக் கேட்டது பெரிய மனசுதான். ஆனால் மன்னிப்புக்கு ரசீது கிடையாது பாருங்கள்.

விற்பவர்களையும் சும்மா விடப் போவதில்லை. என் நண்பனையே கேட்டேன். பத்து பீஸை வைத்துக்கொண்டு மூன்று தளத்திலும் 'பத்து இருக்கு, பத்து இருக்கு, பத்து இருக்கு' என்று போட்டிருக்கிறான் ஒரு காலத்தில். "ஒரே நேரத்துல மூணு பக்கமுமா விக்கும்?" என்று நினைப்பு. பண்டிகை வாரத்தில் அப்படித்தான் விற்கும்! இருபது பேருக்கு இல்லை என்று சொல்லவேண்டி வந்தது. இருக்கிற சரக்கில் ஒரு பங்கை ஸ்க்ரீனில் காட்டாமல் ஒளித்து வைத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. ஸ்டாக் எண்ணுவது? மார்ச் 31-க்கு, அதுவும் ஆடிட்டர் கேட்டால்.

நம் யோக்கியதையும் இருக்கிறது. தீபாவளி வருவது ஐப்பசியில். ஐப்பசி அடைமழை என்று பழமொழியே வைத்திருக்கிற ஊர் இது. ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது 'நாளைக்கே வேணும்' என்று அழுத்துகிறோம். லாரி டிரைவருக்கும், பெட்டி தூக்குகிற பையனுக்கும் அன்றைக்குத்தான் சார் தீபாவளி. அவர்களும் சொந்த ஊருக்கு பஸ் பிடிக்க வேண்டாமா? சேலம் தாண்டி லோடு நிற்கிறது என்றால், ஓட்டுபவர் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் மழையும் லீவும் திடீரென்று வருவதில்லை. காலண்டரில் அச்சடித்து வருகின்றன. தெரிந்தே 'நிச்சயம்' என்று பச்சை எழுத்தில் போடுகிறார்களே, அதைத்தான் கேட்கிறேன். எண்ணைக் காட்டியவர் அந்த எண்ணுக்குப் பொறுப்பேற்கட்டும். விற்பவர் காட்டினால் விற்பவர். குடோன் காட்டினால் குடோன். குடோன் தப்பினால் ரத்தான ஒவ்வொரு ஆர்டருக்கும் விற்பனை விலையில் ஈடு, வாங்கியவருக்கு ஒரு தொகை, அந்த மாத வாடகை தள்ளுபடி. புகாரை விசாரிக்க, தளத்தின் சம்பளம் வாங்காத மூன்றாவது ஆள். இதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லி அரசு விதி போட்டால், அடுத்த பண்டிகைக்குள் அத்தனை குடோனும் எண்ணக் கற்றுக்கொள்ளும்.

நண்பன் இந்த வருஷம் பாதிச் சரக்கைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளப் போகிறானாம். திரும்பி வரும் மூட்டைக்குத் தனி ரேக். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே வெளியூர் ஆர்டரை நிறுத்திவிடுவானாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவனும் மனைவியும் தனித்தனியாக எண்ணி, ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒப்பிடுகிறார்கள். "வியாபாரம் குறையும் மாப்ளே, பரவாயில்ல. ஆனா அவ எண்ணிக்கைதான் எப்பவும் சரியா இருக்கு" என்கிறான்.

போனை வைத்ததும் அந்த ஒற்றை நட்சத்திரத்தை எடுத்துவிடலாம் என்று தளத்தைத் திறந்தேன். நான் எழுதிய 'ஃபிராடு' பளிச்சென்று இருந்தது. நீக்கும் பொத்தானைத் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன்.

பதில் வந்தது. 'ஆய்வில் இருக்கிறது.'