சுரைப்புருடையும் ஸ்கூபா விங்கும்

கோயமுத்தூர்ல பி.காம் படிக்கிற பையனுக்கு ஸ்கூபா டைவிங் எதுக்குன்னு சிரிக்காதீங்க. கடல்தான் நமக்குத் தூரம். மிதக்கிற கணக்கு கொங்கு நாட்டுக் கிணறுகளுக்குப் பழசு. நீச்சல் பழகும் பொடிசுகளின் முதுகில் சுரைப்புருடையைக் கட்டி விடுவார்கள். சின்னதாக இருந்தால் ஆள் முழுகும். ரொம்பப் பெருசாக இருந்தால் முதுகைத் தூக்கி, மூஞ்சியைத் தண்ணிக்குள் அமுக்கும்.

ஸ்கூபாவில் அந்தப் புருடைதான் 'விங்'. முதுகுத் தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் காற்றுப்பை. வாங்கப் போகிறவர்களில் பலர், "பெருசா வாங்கினா பாதுகாப்பு" என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கணக்கைப் பாருங்கள். நிறைந்த சாதாரண அலுமினிய சிலிண்டரில் (11 லிட்டர், 200 பார்) இருக்கும் காற்றே சுமார் 2.7 கிலோ. மூச்சு விட விட அது குறையும். ஆனால் இறங்கும்போது அந்தச் சுமையை விங்தான் தாங்க வேண்டும். அடுத்தது ரப்பர் உடை. ஆழத்தில் அது நசுங்கி மிதப்பை இழக்கும். நம் கடலுக்குப் போடும் மெல்லிய உடைக்கு 2, 3 கிலோ வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 6 கிலோவுக்குள்.

இன்னொரு சோதனையும் உண்டு. கழற்றிப் போட்டால் செட் தானாக மிதக்க வேண்டும். இரும்புத் தகடு, ரெகுலேட்டர், நிறைந்த சிலிண்டர், அதில் கட்டிய ஈயம் எல்லாம் சேர்த்து 7 கிலோ வாக்கில் வரும். இரண்டில் எது பெரிதோ, அதற்கு மேல் கொஞ்சம் கையிருப்பு. புதுச்சேரிக்கும் அந்தமானுக்கும் ஒற்றை சிலிண்டரோடு போகிறவருக்கு 30 பவுண்டு, அதாவது சுமார் 13.5 கிலோ விங் தாராளம். இரட்டை சிலிண்டர், குளிர்கடல், தடித்த உடை என்றால் மட்டும் கணக்கு மாறும்.

"கூட இருந்தா என்ன நஷ்டம்?" என்பீர்கள். எங்கள் காஸ்டிங் பாடத்தில் இதற்கு 'ஐடில் கெப்பாசிட்டி' என்று பெயர். தொழிற்சாலையில் அது பணத்தைத்தான் தின்னும். கடலில் அப்படியில்லை. 10 மீட்டர் ஆழத்தில் 10 லிட்டராக இருக்கும் காற்று, மேலே வரும்போது 20 லிட்டராக விரியும். சின்ன விங் நிறைந்ததும் மிச்சத்தை வால்வு வெளியே தள்ளிவிடும். பெரிய விங் அத்தனையையும் பிடித்து வைத்து, ஆளை இன்னும் வேகமாக மேலே இழுக்கும். அந்த வேகம் நுரையீரலைக் கிழிக்கலாம்.

இன்னொரு ஆபத்து, பெரிய விங் தப்பை மறைக்கும். தேவைக்கு மேல் ஈயம் கட்டியவர்கூட அதில் காற்றை நிரப்பிச் சமாளித்துவிடுவார். விங் கிழியும் அன்றுதான் அந்த ஈயத்தின் எடை தெரியும்.

கூட வருகிறவரைத் தூக்க வேண்டியிருந்தால்? அவருக்கும் ஒரு விங் இருக்கிறது, கழற்றிவிட ஈயமும் இருக்கிறது. ஆகவே முதலில் ஈயத்தைச் சரிபார்த்து, பிறகு விங்கின் அளவைக் கேளுங்கள். கடைக்காரர் பெருசாக நீட்டினால், எதற்கு என்று கணக்குக் கேளுங்கள் :-)